வாயுக் கட்டையும் துப்பாக்கிக் குழலும்: ஒரு பிணைப்பின் வரலாறு

வாயுக் கட்டை என்பது, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியின் குழல்மீது பொருத்தப்படும் சிறிய எஃகுத் துண்டு. தொழிற்சாலைகளில் இது ‘கேஸ் பிளாக்’ என்றே வழங்கப்படுகிறது. குண்டை உந்திச் செல்லும் வாயுவில் ஒரு சிறு பங்கைக் குழலிலிருந்து பிரித்துத் துப்பாக்கியின் இயக்கத்துக்கு அனுப்புவது இதன் வேலை. உள்ளங்கைக்குள் அடங்கும் இத்துண்டு தன் இடத்தில் அசையாமல் நின்றால்தான் துப்பாக்கி தொடர்ந்து சுடும்.

குழலின் உட்புறத்தைத் துளைத்துவிடாமல் அதன் வெளிப்புறத்தோடு ஒன்றை உறுதியாகப் பிணைப்பது எப்படி என்ற கேள்வி, வாயுக் கட்டையைவிடப் பழமையானது. படைக்கலத் தொழில் இதற்கு இரண்டு விடைகளைக் கண்டது. ஒன்று வளையம், மற்றொன்று ஆணி. தஞ்சாவூரின் பெரும்பீரங்கி, திண்டுக்கல்லில் இயங்கிய படைக்கலச் சாலை, திருச்சிராப்பள்ளியில் இன்றும் இயங்கும் துப்பாக்கித் தொழிற்சாலை ஆகியவற்றின் வழியே இவ்விரு விடைகளின் வரலாற்றைத் தமிழகத்திலும் காணலாம்.

வாயுக் கட்டையின் பணி

விசையை அழுத்தியதும் தோட்டாவிலுள்ள வெடிமருந்து எரிந்து வாயுவாகிறது. ராணுவத் துப்பாக்கிகளில் தோட்டா இருக்கும் அறையின் உச்ச அழுத்தம் 3,000 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல் செல்லும். இந்த அழுத்தம் குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது. குழலின் ஓரிடத்தில் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை இருக்கும். குண்டு அத்துளையைக் கடந்தவுடன் வாயுவில் ஒரு பகுதி அதன் வழியே வெளியேறும். துளைக்கு நேராக அமர்ந்திருக்கும் வாயுக் கட்டை அதை உருளைக்குள் திருப்புகிறது. உருளையிலுள்ள பிஸ்டன் பின்னோக்கித் தள்ளப்பட, அறையை மூடியிருக்கும் போல்ட் திறக்கிறது. வெற்றுத் தோட்டா வெளியே எறியப்படுகிறது. பின்பு சுருள்வில்லின் விசையால் போல்ட் முன்னோக்கி வந்து அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றுகிறது.

துளையிலிருந்து குழலின் முனை 20 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதாகவும், குண்டு நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் செல்வதாகவும் கொண்டால், குண்டு வெளியேற எஞ்சியுள்ள நேரம் ஒரு நொடியின் 4,000இல் ஒரு பங்கு. குண்டு வெளியேறியதும் குழலின் அழுத்தம் சரிந்துவிடும். துப்பாக்கியை இயக்கும் ஆற்றல் முழுவதும் இந்தக் குறுகிய இடைவெளியில்தான் கிடைக்கிறது.

எனவே வாயுக் கட்டை மூன்று வகை அசைவுகளையும் தாங்க வேண்டும். அது குழலின் நீளவாக்கில் நகரக் கூடாது. குழலைச் சுற்றித் திரும்பக் கூடாது. குழலுக்கும் கட்டைக்கும் இடையே வாயு கசியவும் கூடாது. 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழலில் கட்டை 6 பாகை மட்டும் திரும்பினாலே துளை ஒரு மில்லிமீட்டர் விலகிவிடும். இரண்டு மில்லிமீட்டர் துளையில் இது சரிபாதி.

வளையமும் ஆணியும்: பழைய விடைகள்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில் சாணார்பட்டி அமைந்துள்ள சமவெளியில், உழவும் சுமையும் நெடுங்காலம் மாட்டு வண்டியை நம்பியிருந்தன. அவ்வண்டியின் சக்கரத்திலேயே இரு விடைகளும் உண்டு. மரச்சக்கரத்தின் வெளிவட்டத்தைவிடச் சற்றே சிறியதாகச் செய்த இரும்புப் பட்டையைக் கொல்லர் நெருப்பில் பழுக்கக் காய்ச்சுவார். சூட்டில் விரிந்த பட்டையைச் சக்கரத்தில் மாட்டி நீர் ஊற்றினால், அது சுருங்கிச் சக்கரத்தை இறுகக் கவ்விக்கொள்ளும். இது வளையத்தின் வழி. அச்சின் முனையில் சக்கரம் கழன்று விழாமல் காப்பதோ கடையாணி. இது ஆணியின் வழி. வளையம் தன் இறுக்கத்தால் பிடிக்கிறது. ஆணி தன் இருப்பால் தடுக்கிறது.

வளையத்தின் வழி பேருருவம் கொண்ட இடம் தஞ்சாவூர். நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட இரும்புப் பீரங்கி கீழவாசல் பீரங்கி மேட்டில் இன்றும் உள்ளது. ஏறத்தாழ ஏழரை மீட்டர் நீளமும் 22 டன் எடையும் கொண்ட இப்பீரங்கி வார்க்கப்பட்டதன்று. நீண்ட இரும்புப் பட்டைகளை நெடுக்காக அடுக்கி, அவற்றின்மேல் இரும்பு வளையங்களைச் சூடேற்றி மாட்டி, அடித்து இணைத்து உருவாக்கியது. 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரும்பு வளையத்தை 600 பாகை செல்சியசு சூடேற்றினால் அதன் விட்டம் ஆறு மில்லிமீட்டருக்கும் மேல் விரியும். குளிரும்போது அத்தனையும் பிடியாக மாறும்.

திண்டுக்கல் மலைக்கோட்டையின் கட்டுமானம் 1605ஆம் ஆண்டில் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்ப நாயக்கரால் தொடங்கப்பட்டது. 1755இல் மைசூர் அரசின் பவுஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக் கைவினைஞர்களின் உதவியுடன் அங்கு ஒரு படைக்கலச் சாலையை நிறுவினார். மைசூரின் பீரங்கிப் படை ஐரோப்பிய முறையில் வளர்ந்ததில் இச்சாலைக்குப் பங்கு உண்டு. பின்னர் ஆங்கிலேயப் படை கோட்டையைப் பலமுறை முற்றுகையிட்டது. 1790இல் அது ஆங்கிலேயர் வசமானது. 1792ஆம் ஆண்டின் உடன்படிக்கை திண்டுக்கல் பகுதியைக் கம்பெனியிடம் ஒப்படைத்தது.

திண்டுக்கல்லுக்காகப் போரிட்ட இரு தரப்பின் துப்பாக்கி மரபுகள் இரு விடைகளைக் கொண்டிருந்தன. பிரெஞ்சுக் காலாட்படைத் துப்பாக்கியில் குழலையும் மரக்கட்டையையும் இரும்பு வளையங்கள் சேர்த்துப் பிடித்தன. ‘பிரவுன் பெஸ்’ எனப்பட்ட ஆங்கிலேயத் துப்பாக்கியில் குழலின் அடியில் சிறு காதுகள் பற்றவைக்கப்பட்டிருந்தன. மரக்கட்டையின் குறுக்கே சென்ற மெல்லிய ஆணிகள் அக்காதுகளில் நுழைந்து குழலை நிறுத்தின. ஆணி குழலுக்குள் நுழையவே இல்லை என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. வளையத்தைக் களப்பணியில் எளிதாகக் கழற்றலாம். ஆணியைக் கழற்ற அதைத் தட்டி வெளியேற்ற வேண்டும். ஆங்கிலேயரும் பிற்காலத்தில் வளையத்துக்கு மாறினர். 1853ஆம் ஆண்டு வடிவமான என்ஃபீல்டு துப்பாக்கி மூன்று வளையங்களைக் கொண்டது. 1857இல் இந்தியாவில் பெருங்கலகத்துக்கு ஒரு காரணமான தோட்டாக்கள் இத்துப்பாக்கிக்கு உரியவையே.

வாயுவால் இயங்கும் துப்பாக்கியின் வருகை

19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை குழலோடு பிணைக்கப்பட்டவை எல்லாம் மரக்கட்டை, குறிமுனை, துப்பாக்கிக் கத்தி போன்றவை. அவை தளர்ந்தால் குறி தவறும். துப்பாக்கியின் இயக்கம் நிற்காது. வாயுவின் ஆற்றலைப் பயன்படுத்தத் தொடங்கியதும் நிலைமை மாறியது.

துப்பாக்கி வெடித்ததும் அதன் வாய்க்கு முன்னிருந்த புல் சாய்வதை அமெரிக்கரான ஜான் பிரவுனிங் 1889இல் கண்டார் என்றும், வீணாகும் அந்த வாயுவைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது என்றும் கூறுவர். அவரது வடிவமைப்பிலிருந்து 1895ஆம் ஆண்டின் கோல்ட் இயந்திரத் துப்பாக்கி உருவானது.

வாயுவை எங்கே பிடிப்பது என்பதிலும் சோதனைகள் நடந்தன. 1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற எம்1 காரண்ட் ரைபிளின் முதல் வடிவத்தில் குழலில் துளை இல்லை. குழலின் முனைக்கு அப்பால் பொருத்திய ஓர் உறை, வெளியேறும் வாயுவைப் பிடித்தது. குழலைத் துளைக்க வேண்டாம் என்பது இதன் நன்மை. ஆனால் குண்டு அந்த உறையின் முனை வழியாகவும் செல்ல வேண்டும். உறை சரியாக அமராவிட்டால் குண்டு அதில் மோதும் அபாயம் உண்டு. கரியும் விரைவில் படிந்தது. 1940 அளவில் இம்முறை கைவிடப்பட்டு, குழலிலேயே துளையிடும் முறை வந்தது. அதன்பின் பெரும்பாலான ராணுவத் துப்பாக்கிகள் துளையையும் அதன்மேல் அமரும் கட்டையையும் ஏற்றுக்கொண்டன.

இந்தியாவில் வாயுவால் இயங்கும் படைக்கலத்தின் உற்பத்தி, வங்காளத்தின் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் தொடங்கியது. பிரித்தானிய இந்திய ராணுவம் 1933இல் ஏற்ற விக்கர்ஸ்-பெர்த்தியே இலகு இயந்திரத் துப்பாக்கி அங்குச் செய்யப்பட்டது. எனினும் சாதாரணப் படைவீரரின் கையில் இருந்தது லீ-என்ஃபீல்டு. ஒவ்வொரு முறை சுட்டபின்னும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய துப்பாக்கி அது. அதில் வாயுக் கட்டை இல்லை. தளர்வதற்கும் எதுவும் இல்லை.

பொருத்தும் முறைகள்

வாயுக் கட்டையைக் குழலில் நிறுத்த இன்று வழங்கும் முறைகளைப் பின்வருமாறு வகுக்கலாம்.

இறுக்கிச் செருகி ஆணியிடுதல்: குழலின் வெளிவிட்டத்தைவிடக் கட்டையின் துளை மிகச் சிறிதளவு குறைவாக இருக்கும். அழுத்தப் பொறியால் கட்டை குழலில் ஏற்றப்படும். பின்னர் குறுக்கே ஆணி செலுத்தப்படும். ஏகே வகைத் துப்பாக்கிகள் இம்முறையில் அமைந்தவை. ஆணி குழலின் நடுவே செல்வதில்லை. அதன் அடிப்புறத்தை உரசிச் செல்லும் பள்ளத்தில், பாதி குழலிலும் பாதி கட்டையிலுமாக அமர்கிறது. குழலின் உட்புறம் தீண்டப்படுவதில்லை. கட்டை நகரவும் திரும்பவும் வழியில்லை. வண்டிப் பட்டையின் பிடியும் கடையாணியின் தடையும் இதில் ஒருங்கே சேர்கின்றன.

கூம்பு ஆணி: ஒருமுனை பருத்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும் ஆணியைப் பட்டறைகளில் ‘டேப்பர் பின்’ என்பர். அடிக்க அடிக்க இறுகும். எதிர்ப்புறம் தட்டினால் உடனே விடும். அமெரிக்க எம்16 துப்பாக்கியில் முன் குறியைத் தாங்கும் வாயுக் கட்டை இத்தகைய இரு ஆணிகளால் நிற்கிறது.

திருகாணி: கட்டையின் அடியிலிருந்து திருகாணிகள் குழலை அழுத்திப் பிடிக்கும். குழலில் சிறு குழிகள் இட்டு அவற்றில் திருகாணியின் முனை அமருமாறு செய்வது இதன் மேம்பட்ட வடிவம். குழியில்லாத திருகாணி வெறும் உராய்வை மட்டுமே நம்பியிருக்கிறது.

கவ்வி: பிளவுள்ள கட்டையைக் குழலில் மாட்டித் திருகாணிகளால் பிளவை நெருக்குவது. இது பழைய பிரெஞ்சு வளையத்தின் வழித்தோன்றல். குழலில் எந்த வெட்டும் தேவையில்லை; கழற்றுவதும் எளிது. ராணுவத் துப்பாக்கிகளில் இது அரிது.

ராணுவங்கள் ஆணியை விரும்பியதற்கு வெப்பமே முதற்காரணம். தொடர்ந்து சுடும்போது குழலின் வெப்பம் பல நூறு பாகை உயரும். ஒரு பாகை செல்சியசு உயர்வுக்கு எஃகு பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். அலுமினியம் 23 பங்கு விரியும். 20 மில்லிமீட்டர் எஃகுக் குழலில் அலுமினியக் கட்டையை மாட்டி இரண்டும் 300 பாகை சூடேறினால், குழலைவிடக் கட்டை ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் கூடுதலாக விரியும். கையால் அசைக்க முடியாதபடி இறுகியிருந்த பிடி இதில் முற்றிலும் நெகிழ்ந்துவிடும். எஃகின்மேல் எஃகு என்றால் இரண்டும் சேர்ந்தே விரியும். இருந்தும் குழல் முதலில் சூடேறும். கட்டை பின்னர் சூடேறும். சுடும்போது ஏற்படும் அதிர்வும் ஒவ்வொரு முறையும் கட்டையை நகர்த்தப் பார்க்கும். சாதாரணப் பசைகள் இந்தச் சூட்டில் இளகிவிடும். இறுக்கம் குறைந்தாலும் இடம் பெயராமல் தடுப்பது ஆணி மட்டுமே.

தளர்வின் விளைவு

வாயுக் கட்டை சற்றே தளர்ந்த துப்பாக்கி முதலில் எந்த அறிகுறியும் காட்டாது. சிறு கசிவைக் கரிப்படிவே சில நேரம் அடைத்துவிடும். கசிவு மிகும்போது போல்ட் முழுத் தொலைவும் பின்னோக்கிச் செல்லாது. வெற்றுத் தோட்டா வெளியேறாமல் சிக்கும். அல்லது அது வெளியேறினாலும் புதிய தோட்டா ஏறாது. தானே ஏற்றும் துப்பாக்கி, கையால் இழுத்துச் சுடும் துப்பாக்கியாகச் சுருங்கிவிடுகிறது. எதிரியின் முன் நிற்கும் வீரருக்கு அந்த இழுப்புக்கான நேரம் கிடைக்காமல் போகலாம்.

ஃபால், எம்16 ஆகிய துப்பாக்கிகளில் வாயுக் கட்டையே முன் குறியையும் தாங்குகிறது. அங்குக் கட்டை அசைந்தால் குறியும் தவறும்.

பல துப்பாக்கிகளில் வாயுவின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் சீராக்கி உண்டு. தூசி, குளிர், கரி ஆகியவற்றால் இயக்கம் மந்தமானால் வீரர் வாயுவைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் மந்தத்துக்குக் காரணம் தளர்ந்த கட்டை என்றால், சீராக்கி குறையை மறைக்குமே தவிர நீக்காது. பழுது பார்ப்பவர் சீராக்கியின் நிலையை மட்டுமன்றிக் கட்டையின் பிடியையும் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இச்சாப்பூரும் திருச்சியும்

1962இல் சீனாவுடன் நடந்த போரில் இந்தியக் காலாட்படையின் முதன்மைத் துப்பாக்கி லீ-என்ஃபீல்டுதான். எதிர்த்தரப்பிடம் தானே ஏற்றும் துப்பாக்கிகள் இருந்தன. அப்போரின் பின் இந்தியப் படைக்கல உற்பத்தி விரிவுபடுத்தப்பட்டது. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் வடிவமைத்த ஃபால் துப்பாக்கியை அடிப்படையாகக் கொண்ட 1ஏ1 துப்பாக்கி இச்சாப்பூரில் உருவாயிற்று. ‘எஸ்.எல்.ஆர்.’ என்று படைவீரரும் காவலரும் அழைப்பது இதையே. குழலின் மேற்புறம் ஆணியால் நிறுத்தப்பட்ட வாயுக் கட்டையும் அதன்மேல் சீராக்கியும் கொண்ட இத்துப்பாக்கியுடன், வாயுவின் பிணைப்பு இந்தியப் படைவீரரின் அன்றாடப் பராமரிப்பில் இடம்பெற்றது. தமிழகக் காவல் நிலையங்களிலும் எஸ்.எல்.ஆர். நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது.

1966இல் திருச்சிராப்பள்ளியில் துப்பாக்கித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. திண்டுக்கல்லில் ஹைதர் அலியின் படைக்கலச் சாலை தொடங்கி ஏறத்தாழ 210 ஆண்டுகளுக்குப் பின், அதிலிருந்து 100 கிலோமீட்டர் அளவில் அமைந்த நகரில் மீண்டும் படைக்கல உற்பத்தி வேரூன்றியது. இரண்டுக்கும் இடையே நேரடித் தொடர்ச்சி கிடையாது. கைவினைஞரின் கண்ணளவை நம்பிய சாலை அது. எந்தக் கட்டையும் எந்தக் குழலிலும் பொருந்த வேண்டும் என்ற அளவுமானி ஒழுங்கில் இயங்குவது இது. திண்டுக்கல்லின் புகழ்பெற்ற மாங்காய்ப் பூட்டு பழைய ஒழுங்குக்கு நல்ல சான்று. ஒவ்வொரு பூட்டும் அரத்தால் தேய்த்துத் தனித்தனியே பொருத்தப்படுவதால் ஒன்றின் சாவி மற்றொன்றில் சேராது. பூட்டுக்கு அதுவே பெருமை. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. துப்பாக்கிக்கோ அத்தனித்தன்மை ஆகாது.

புணேயிலுள்ள படைக்கல ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த 5.56 மில்லிமீட்டர் இன்சாஸ் துப்பாக்கி 1990களில் படைக்கு வந்தது. இச்சாப்பூர், கான்பூர், திருச்சி ஆகிய மூன்று இடங்களிலும் அது உற்பத்தியானது. ஒரே துப்பாக்கி மூன்று ஊர்களில் உருவாகும்போது, குழலின் வெளிவிட்டமும் கட்டையின் துளையும் ஆணியின் பள்ளமும் மூன்று இடங்களிலும் ஒரே அளவில் அமைய வேண்டும். 1999ஆம் ஆண்டு கார்கில் போரின் கடுங்குளிரில் இன்சாசின் நெகிழித் தோட்டாப் பெட்டிகள் விரிசல் விடுவதாகப் புகார்கள் எழுந்தன. அங்குப் பழுதானது வாயுக் கட்டையன்று. ஆயினும் படைக்கலத்தின் நம்பகத்தன்மையைத் தீர்மானிப்பவை குழலும் போல்ட்டும் மட்டுமல்ல, சிறு உறுப்புகளும் அவற்றின் பிணைப்புகளுமே என்ற பாடம் அதில் இருந்தது.

அண்மைக் காலத்தில் திருச்சி தொழிற்சாலை, ஏகே மரபில் அமைந்த 7.62 மில்லிமீட்டர் ‘திருச்சி அசால்ட் ரைபிள்’ என்ற துப்பாக்கியைத் துணை ராணுவ, காவல் படைகளுக்காக உருவாக்கியது. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. திருச்சி தொழிற்சாலை அவற்றுள் ஒன்றான, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்டு எக்விப்மென்ட் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது. இந்தியாவில் தானியங்கித் துப்பாக்கிகள் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட படைக்கலங்கள். எனவே அவற்றின் செய்முறையும் பழுதுநீக்கமும் நெடுங்காலம் அரசின் தொழிற்சாலைகளுக்கும் படைப்பிரிவுகளின் பணிமனைகளுக்கும் உரிய வேலையாகவே இருந்தன.

மதிப்பீடு

படைக்கல வரலாற்றில் குழலின் நீளம், குண்டின் வேகம், போரில் வென்றவர் பெயர் ஆகியவை பதிவாகின்றன. அவற்றைச் சாத்தியமாக்கும் பிணைப்புகள் பதிவாவது குறைவு. தஞ்சையின் வளையம் பீரங்கி வெடித்துச் சிதறாமல் காத்தது. பிரவுன் பெஸ்ஸின் ஆணி குழலைத் தீண்டாமலே அதை நிறுத்தியது. இன்றைய வாயுக் கட்டை இரண்டையும் சேர்த்துக்கொண்டது. முதலில் இறுக்கம், இறுக்கம் நெகிழும் நாளுக்காக ஆணி. வண்டிச் சக்கரத்தைச் செய்த ஊர்க் கொல்லர் அறிந்திருந்ததும் இவ்வளவே. சக்கரம் கழன்றால் வண்டி சாயும். துப்பாக்கியில் அதே பிழைக்கு விலை ஓர் உயிராக இருக்கலாம்.